காற்றாடி மாட்டிய வாரம்

காலண்டரில் புறப்படும் நாளைச் சுற்றிப் போட்டிருந்த வட்டத்தை மூன்றாவது முறையாக அடித்துவிட்டு, பன்னிரண்டு நாள் தள்ளி நான்காவது வட்டத்தைப் போட்டாள் அவள். வியாழக்கிழமை. பேனாவை மூடிவைத்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. படகின் சமையல் மேடைக்கும் ஏணிப்படிக்கும் நடுவே நாலு எட்டு வைக்கத்தான் இடம். அந்த நாலு எட்டில் போனாள், வந்தாள், திரும்பவும் போனாள்.

இருபத்தேழு வருஷம் பஸ் டெப்போவில் நேர அட்டவணை போட்டவள். காலையில் ஒரு வண்டி ஆறு நிமிஷம் தாமதமாகக் கிளம்பினால் சாயங்காலம் எந்த ஸ்டாப்பில் எத்தனை பேர் டெப்போவைத் திட்டுவார்கள் என்று யோசிக்காமலே சொல்லுவாள். அப்பேர்ப்பட்டவளின் சொந்தப் புறப்பாடு இரண்டு வருஷம் தாமதம். வேலையை விட்டாயிற்று. வீட்டில் வேறு குடும்பம் குடியேறியாயிற்று. கட்டில், பீரோ, சாப்பாட்டு மேஜை எல்லாம் நாத்தனார் வீட்டு மாடியில் துணி போர்த்திக் கிடக்கின்றன. அவளும் கணவரும் ஐந்து மாதமாக இந்த முப்பத்தாறு அடிப் பாய்மரப் படகில்தான் சமைத்து, குளித்து, தூங்கி, சண்டை போட்டு வாழ்கிறார்கள். படகுதான் துறையை விட்டு நகரவில்லை. ஆரம்பத்தில் பக்கத்துப் படகுக்காரர்கள் "எப்போ கிளம்பறீங்க?" என்று தினமும் கேட்டார்கள். இப்போது யாரும் கேட்பதில்லை. கேட்டபோது வந்த எரிச்சலைவிட, கேட்காமல் விட்டதுதான் அவளை அதிகம் குடைந்தது.

அவள் கணவர் முப்பத்துநாலு வருஷம் லிஃப்ட் மெக்கானிக். ஓய்வு பெற்ற பிறகும் எல்லாருக்கும் அவர் லிஃப்ட்காரர்தான். அவர் முடுக்கிய ஸ்க்ரூ அவர் சொன்னால்தான் கழலும், அவ்வளவு சுத்தமான கை. ஆனால் புறப்பட நாள் குறித்தபோதெல்லாம் அந்தக் கைக்கு ஏதாவது ஒரு வேலை அகப்பட்டுவிடும். முதலில் சுக்கான் கம்பியில் ஒரு இழை பிரிந்திருக்கிறது என்றார். அப்புறம் கழிப்பறைப் பம்ப். அதையே மூன்று தடவை. அப்புறம் மேல்தட்டு ஜன்னலில் சொட்டு. ஒவ்வொன்றையும் "இதுதாம்மா கடைசி" என்று சொல்லித்தான் ஆரம்பித்தார்.

இந்த முறை பழி பேட்டரி மேல் விழுந்தது. நாலு நாள் தொடர்ந்து மேகம் கவிந்ததில் சோலார் பலகைகள் இரண்டும் பட்டினி கிடந்து, ஐந்தாம் நாள் காலை குளிர்பெட்டி நின்றுபோய், பால் திரிந்துவிட்டது. லிஃப்ட்காரர் ஒரு அட்டையின் பின்பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினார். கடலில் இறங்கினால் சுக்கானைத் தானே பிடிக்கும் ஆட்டோபைலட் இரவு பகலாக மின்சாரம் குடிக்கும். பலகைகள் தருவது தேவையில் பாதி சொச்சம்தான்.

"காத்துல இருந்து எடுத்துக்கலாம்மா. பின்னாடி ஒரு கம்பம் நட்டு, மேல ஒரு காத்தாடி. ராத்திரியும் சுத்தும், மழையிலயும் சுத்தும்."

குற்றம் கண்டுபிடிக்கத் தேடித் தேடிப் பார்த்தாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஒரு வருஷப் பயணம். கரையோரமாகத் தெற்கே இறங்கி, அங்கிருந்து தீவுகளுக்குத் தாண்டி, சுற்றி வர வேண்டும். தெற்கே தள்ளுகிற காற்று இன்னும் மூன்று வாரம்தான் வீசும். அது திரும்பிக்கொண்டால் அடுத்த வருஷம்தான்.

"வியாழக்கிழமை கிளம்பறோம்" என்றாள். "காத்தாடி சுத்தினாலும் சரி, சுத்தலைன்னாலும் சரி."

"சுத்தும், சுத்தும்" என்று சொல்லிக்கொண்டே அவர் அளவு நாடாவைத் தேடப் போய்விட்டார்.

கம்பம் செய்ய வந்த வெல்டரைத் துறையில் எல்லாரும் 'அரைமணி' என்று கூப்பிடுவார்கள். எப்போது போன் செய்தாலும் "அரைமணியில வந்துடறேண்ணே" என்பான். அன்றைக்குள் வந்தால் அதிர்ஷ்டம். முதல் நாள் அவன் வந்து சேர்ந்தபோது சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. படகின் பின்முனைக் கைப்பிடிக் கம்பிகளைத் தட்டிப் பார்த்தான், காறி உமிழ நினைத்து, அவள் நிற்பதைப் பார்த்து விழுங்கிக்கொண்டான்.

"மூணு மீட்டர் போதும்ண்ணே. தாங்கு கால் ரெண்டு. ஜம்முனு நிக்கும்."

"மூணு மீட்டர் எங்கேருந்து?"

"கீழேருந்துதான்."

"கீழேன்னா எது? மேல்தட்டா, கைப்பிடி அடியா, அந்த மேடையா?"

"நீங்க எதைச் சொல்றீங்களோ அதேதான்ண்ணே."

இருவரும் ஒரே நாடாவின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிஷம் பேசினார்கள். அவள் அதற்குள் மேல்தட்டை ஒருமுறை கழுவி முடித்துவிட்டாள். காயட்டும் என்று காத்திருக்கப் பிடிக்காமல் இன்னொரு முறையும் கழுவினாள்.

மூன்றாம் நாள் கம்பம் வந்தது. பளபளவென்று, வெல்டிங் போட்ட இடம் தெரியாமல், அழகாகத்தான் இருந்தது. லிஃப்ட்காரர் காற்றாடியின் இறக்கை நீளத்துக்கு ஒரு அட்டையை வெட்டிக் கம்பத்து உச்சித் துளையில் ஒரு ஆணியால் மாட்டி, கம்பத்தை நடும் இடத்தில் நிறுத்தச் சொல்லி, குச்சியால் சுற்றிவிட்டுப் பார்த்தார். பாய்மரத்தைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் கம்பியில் அட்டை போய் 'டப்' என்று மோதியது.

"நாலு விரக்கடை இடிக்குது."

"அட்டை கொஞ்சம் பெருசா வெட்டிட்டீங்கண்ணே" என்றான் அரைமணி.

"அட்டை சரியாத்தாண்டா இருக்கு. கம்பத்தைத் தள்ளி நடணும். அப்போ தாங்கு கால் ரெண்டும் மாறும்."

"அரைமணி வேலைண்ணே."

அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவளைக் குத்தியது வேறொன்று. கம்பம் இடிக்கிறது என்று தெரிந்த அந்த நிமிஷத்தில் தன் கணவர் முகத்தில் எரிச்சலைக் காணோம். தலைக்குமேல் இருந்த சுமையை யாரோ கொஞ்ச நேரம் வாங்கிக்கொண்ட மாதிரி, அவர் தோள் இறங்கியது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்ததை எங்கே வைப்பது என்று தெரியாமல் கீழே இறங்கிப்போய்ப் பாத்திரம் கழுவினாள்.

மறுநாள் நாத்தனார் வந்தாள். லிஃப்ட்காரருக்கு ஒரே தங்கை. கூரியர் ஆபீசில் பார்சல் பிரிக்கும் வேலை. வாயும் அதே வேகம். கையில் ஒரு டப்பா கேக்கும், மாடியில் போட்டு வைத்த பீரோவின் சாவியுமாக, படகுக்கும் துறைக்கும் நடுவே போட்ட பலகையில் நடக்கப் பயந்து அங்கேயே நின்றாள்.

"அண்ணி, கையைக் குடுங்க. இதுல எப்படித்தான் குடித்தனம் பண்றீங்களோ."

லிஃப்ட்காரர் அரைமணியின் பட்டறைக்குப் போயிருந்தார். இருவரும் கீழே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடித்தார்கள். படகு ஒரு தடவை மெல்ல அசைந்ததும் நாத்தனார் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க வீட்டு ரத்தமே இப்படித்தான் அண்ணி. தண்ணின்னா ஆகாது. அண்ணன் எப்படி மாறிச்சுன்னுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். ஸ்கூல் டூர்ல ஏரியில படகு விட்டாங்க. எல்லாரும் ஏறிப் போய்ட்டாங்க. அண்ணன் மட்டும் கரையில நாப்பது பேர் செருப்புக்குக் காவல். வாத்தியார் தூக்கி உக்கார வெச்சதுக்கு அழுது, வாந்தி எடுத்து, ஜுரமே வந்துடுச்சு. அம்மா ரெண்டு நாள் பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க." கேக்கில் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு சிரித்தாள். "உங்களுக்குச் சொன்னதில்லையா?"

"சொன்னாரே" என்றாள் அவள். ஏன் பொய் சொன்னோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

நாத்தனார் போன பிறகு அவளால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. துறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தாள். நாலு வருஷம் முன்பு, மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன வாரம், சாப்பிடும்போது திடீரென்று கணவரிடம் அவள்தான் கேட்டாள்: "நாம ஒரு படகு வாங்கிக் கிளம்பிடலாமா?" அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "சரி" என்றார். ஒரு கேள்வி இல்லை. அந்த 'சரி'யை அவள் டெப்போவில் சொல்லாத ஆள் கிடையாது. எவ புருஷன் இப்படி ஒத்துக்குவான் என்று எல்லாரும் வாயைப் பிளந்தார்கள்.

அதன் பிறகு ஒன்பது முறை படகை வெள்ளோட்டம் பார்க்க எடுத்துப் போயிருக்கிறார்கள். நடந்துகொண்டே ஒவ்வொன்றாக நினைவுபடுத்திப் பார்த்தாள். ஒரு முறை இன்ஜினில் ஏதோ சத்தம். ஒரு முறை பாய் தைத்த இடம் பிரிகிற மாதிரி இருந்தது. ஒரு முறை அவருக்குத் தலைவலி. ஒன்பது முறையும் துறைமுகத்து அலைதடுப்புச் சுவரைத் தாண்டவில்லை. ஒன்பது முறையும் திரும்பலாம் என்றவர் அவர்தான். டெப்போவில் ஒரே டிரைவர் ஒன்பது தடவை பாதி வழியில் திரும்பியிருந்தால் அவள் இரண்டாம் தடவையே கூப்பிட்டு உட்காரவைத்து விசாரித்திருப்பாள்.

அன்று மாலை அவர் வந்தார். கேட்கலாம் என்று வாயெடுத்தாள். அவர் சட்டை முழுக்க இரும்புத்தூளும் முகம் முழுக்க உற்சாகமுமாக, "நாளைக்குக் கம்பம் ஏறுது" என்றார். அவள் கேட்கவில்லை. கேட்டால் அவர் உண்மையைச் சொல்லிவிடுவாரோ என்கிற பயம்தான் என்று, ஒத்துக்கொள்ளப் பிடிக்காவிட்டாலும், அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

கம்பம் ஏறிய நாள் மட்டும் இருவருக்கும் நல்ல நாள். பாய் ஏற்றுகிற கயிற்றையே கம்பத்தின் தலையில் கட்டி, அவள் கயிறு இழுக்கும் வின்ச் உருளையைச் சுற்ற, அவரும் அரைமணியும் அடியைப் பிடித்து நிறுத்தினார்கள். "இன்னும் ஒரு சுத்து... நிறுத்து... அரைச் சுத்து" என்று அவர் சொல்லச் சொல்ல, அவள் கை அவர் குரலோடு ஒட்டிக்கொண்டு நகர்ந்தது. கம்பத்தின் உள்ளே மூன்று தடித்த ஒயர்களை விட்டு, மேல்தட்டில் துளைத்த ஓட்டை வழியாகக் கீழே இறக்கி, ஓட்டையைச் சுற்றித் தண்ணீர் புகாமல் பசை பூசினார்கள். கீழே ஒரு நிறுத்து சுவிட்ச். அதைத் திருப்பினால் மூன்று ஒயரும் ஒன்றோடொன்று சேர்ந்து, காற்றாடி தன் பாரத்தைத் தானே தாங்க முடியாமல் நின்றுவிடும். அங்கிருந்து மின்சாரத்தை அளந்துவிடும் கன்ட்ரோலர், அங்கிருந்து பேட்டரி. பேட்டரி நிறைந்துவிட்டால் மிச்ச மின்சாரத்தைச் சூடாக மாற்றித் தீர்க்கத் துளைகள் போட்ட ஒரு பெட்டி.

கடைசியில் இறக்கையைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார்கள். காற்றாடி கொஞ்சம் யோசித்தது. வாலை ஆட்டி முகத்தைக் காற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டு, சோம்பலாக ஒரு சுற்று, இரண்டு சுற்று, பிறகு இறக்கைகள் தனித்தனியாகத் தெரியாமல் போயின.

"ஆறு ஆம்ப்!" கீழே மின்சார மீட்டரைப் பார்த்தபடி அவர் குரல். "ஏம்மா, ஏழு!"

அரைமணி தன் புகைப்படத்தைத் தானே எடுத்துக்கொண்டு, அடுத்த வேலைக்கு அரைமணியில் வருவதாகப் போனில் யாருக்கோ சொல்லிவிட்டுப் போனான்.

விடிகாலையில் ஆரம்பித்தது வினை. காற்று கொஞ்சம் ஏறியதும் காற்றாடியின் அதிர்வு கம்பம் வழியாக இறங்கி, படகின் உடம்பு முழுக்க 'ம்ம்ம்ம்' என்று முனகியது. தலையணையில் காதை வைத்தால் பல்லே கூசியது. அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"தாங்கு கால் அடியில ரப்பர் வைக்கணும். ஒயர் முனையில மாட்டற லக் வளையமும் சரியில்ல, மாத்தி அழுத்தணும். ரெண்டு நாள் வேலை..."

"நாளன்னிக்கு வியாழக்கிழமை."

"தெரியும்மா. ஆனா இந்தச் சத்தத்தோட..."

"இனிமே இந்தப் படகுல எதையும் கழட்டக் கூடாது" என்றாள் அவள். "சத்தத்தோட தூங்கிப் பழகிக்கறேன். முப்பது வருஷம் உங்க குறட்டையோட தூங்கலையா?"

அவர் சிரித்தார். அது சிரிப்பாக இல்லை.

புதன்கிழமை மத்தியானம் அவள் கடைசிச் சாமான்கள் வாங்கப் போனாள். ரொட்டி, முட்டை, வெங்காயம், மாத்திரைகள். திரும்பி வரும்போது மேற்கே வானம் ஈயம் உருக்கி ஊற்றினாற்போல் இறங்கிக்கொண்டிருந்தது. துறை வாசலைத் தாண்டுவதற்குள் காற்று பின்னாலிருந்து ஒரு உந்து உந்தியது. கட்டியிருந்த படகுகளின் கயிறுகளெல்லாம் ஒரே நேரத்தில் பாய்மரங்களில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தன. அதற்கும் மேலே ஒரு சத்தம் கேட்டது. முனகலில்லை, ஊளை. அது நின்று நிதானிக்காமல் ஏறிக்கொண்டே போனது.

பையைத் துறையிலேயே போட்டுவிட்டு ஓடினாள்.

அவர் செய்திருந்த காரியம் பார்த்ததுமே புரிந்தது. அவள் தலை மறைந்ததும் இறக்கையைக் கயிற்றால் கட்டிவிட்டு, தாங்கு கால் ஒன்றின் போல்ட்டைக் கழற்றி ரப்பர் வைக்கப் பார்த்திருக்கிறார். கூடவே, நிறுத்து சுவிட்சிலிருந்து மூன்று ஒயர்களையும் பிடுங்கி வெளியே போட்டு லக் மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். அதற்குள் காற்று வந்துவிட்டது. கயிற்றை அறுத்துக்கொண்டு காற்றாடி கிளம்பிவிட்டது. ஒயர் எதிலும் சேராததால் அதைப் பிடித்து இழுக்க எந்தப் பாரமும் இல்லை. வெறி பிடித்த மாதிரி சுற்றியது. ஒற்றைக் காலில் நின்ற கம்பம் போதையில் நிற்பவனைப் போல் ஆடியது.

"மூணு ஒயரையும் ஒண்ணா முறுக்குங்க!" என்று கத்தினாள்.

"இந்த வேகத்துல முறுக்கினா உள்ள இருக்கற காயில் சுருள் எரிஞ்சிடும்! நீ கிட்ட வராத! கம்பம் சாஞ்சா இறக்கை தலையைச் சீவிடும்!"

சொன்னவர் ஒதுங்கி நிற்கவில்லை. கொக்கிக் கழியை எடுத்துக்கொண்டு பின்முனைக் கைப்பிடிக் கம்பிமேல் ஏறிவிட்டார். ஒரு கால் மேல் கம்பியில், ஒரு கால் நடுக் கம்பியில், உடம்பு பாதி தண்ணீருக்கு மேலே. கீழே துறைத் தண்ணீர் கொதிக்கிற மாதிரி குதித்துக்கொண்டிருந்தது. அவள் இரண்டே தாவலில் போய் அவர் பெல்ட்டைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்து, தன் முழங்கால்களைக் கம்பிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டாள். மழை சரம்சரமாக அடித்தது.

"வாலைப் பிடிச்சு மூஞ்சியைத் திருப்பணும்! காத்துக்குப் பக்கவாட்டுல வந்தா நின்னுடும்!"

முதல் தடவை கழி வழுக்கியது. இரண்டாம் தடவை வால் அடித்துத் தள்ளியதில் கழியே கையைவிட்டுப் போகப் பார்த்தது. அவர் உடம்பு முன்னால் சாய, அவளுடைய கை இரண்டும் பெல்ட்டோடு இழுபட்டுத் தோள் மூட்டு 'கடக்' என்றது. விடவில்லை. மூன்றாம் தடவை கொக்கி வாலில் மாட்டிக்கொண்டது.

"பிடிச்சுட்டேன்! பின்னாடி இழு, என்னை இழு!"

அவள் அவரை இழுத்தாள். அவர் வாலை இழுத்தார். காற்றாடியின் முகம் முரண்டு பிடித்தபடி, கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விட்டுத் திரும்பியது. ஊளை இறங்கி முனகலாகி, முனகல் படபடப்பாகி, இறக்கைகள் மூன்றும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தன. கடைசிச் சுற்றில் ஒரு இறக்கை அவர் முழங்கையைத் தட்டிவிட்டு நின்றது. அவர் இடுப்பில் சுற்றி வைத்திருந்த கயிற்றால் அதைக் கம்பத்தோடு கட்டினார். ஒரு கட்டு, இரண்டு கட்டு, ஐந்து கட்டு. அப்புறம்தான் கீழே பார்த்தார்.

பார்த்ததும் அவருக்கு இறங்கத் தெரியவில்லை. கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அவள் ஒரு காலை எடுத்துக் கீழ்க் கம்பியில் வைத்தாள். பிறகு இன்னொரு காலை. சின்னக் குழந்தையைப் படியிறக்குவது மாதிரி மேல்தட்டில் இறக்கி, கீழே அழைத்துப் போனாள்.

முழங்கையில் இரண்டு அங்குலத்துக்குத் தோல் கிழிந்திருந்தது. எலும்புக்கு ஒன்றுமில்லை. அவள் பஞ்சால் துடைத்தாள்.

"நாப்பது பேர் செருப்பு" என்றாள் அவள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். யார் சொன்னது என்று கேட்கவில்லை.

"லிஃப்ட்டுல ஒரு கயிறு அறுந்தா அஞ்சு கயிறு இருக்கும்மா" என்றார். "அஞ்சும் அறுந்தா பக்கவாட்டுல பிடிச்சுக்க பிரேக் இருக்கு. அதுவும் போச்சுன்னா அடியில ஸ்பிரிங் இருக்கு. முப்பத்துநாலு வருஷத்துல ஒரு நாள் பயந்ததில்ல. கடல்ல அடியில என்ன இருக்கு? சொல்லு. அந்தச் சுவர்கிட்ட போறப்பல்லாம் எனக்கு அதுதான் ஓடும்."

"முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே. நாலு வருஷம்!"

"சொன்னா நீ போகாம இருந்துடுவ." கிழிந்த முழங்கையையே பார்த்தபடி பேசினார். "இல்லாட்டி நான் இல்லாம போயிடுவ. ரெண்டுல எதைத் தாங்கறதுன்னு எனக்குத் தெரியல. நாளைக்குத் தெரியும், நாளைக்குத் தெரியும்னு ஏதாவது ஒண்ணைக் கழட்டிட்டு இருந்தேன்."

அவளுக்குக் கோபம் வரவேண்டிய இடம் இது. வந்தது. எழுந்து நாலு எட்டு நடந்தாள், திரும்பினாள். மேஜைமேல் இருந்த ஸ்பேனரை எடுத்து டப்பாவில் போட்டாள். எடுத்து மறுபடி மேஜையில் வைத்தாள். நாலு வருஷமாக அவர் நெற்றியில் எழுதி ஒட்டியிருந்ததை அவள் படிக்கவில்லை. படிக்கவில்லையா, படிக்கப் பிடிக்கவில்லையா? அவருடைய 'சரி'யைப் பிடித்துக்கொண்டு அவள் பாட்டுக்கு ஓடியிருக்கிறாள்.

"நான் போகாம இருக்கமாட்டேன்" என்றாள் கடைசியில். "அதை இப்பவே சொல்லிடறேன். என்னால முடியாது. இந்தத் துறையில இன்னும் ஒரு மாசம் கிடந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும்."

"தெரியும்."

"நீங்க வரணும்னு கட்டாயமில்ல. கூட வர ஆள் தேடிக்கறேன்."

"அந்தக் கம்பத்துல இன்னொரு போல்ட் போடணும்" என்றார் அவர். பிறகு, அவள் முகத்தைப் பார்த்து அவசரமாக, "இன்னிக்கே போட்டுடறேன். ஒரு போல்ட், மூணு லக். அவ்வளவுதான். சத்தியமா அவ்வளவுதான்."

மழை விட்டதும் போட்டார். அவள் டார்ச் பிடிக்கவில்லை, பக்கத்தில் நிற்கவில்லை. துறையில் நனைந்து கிடந்த பையைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். முட்டைகளில் இரண்டுதான் முழுசாக இருந்தன.

வியாழக்கிழமை காலை ஏழு பத்துக்குக் கயிறுகளை அவிழ்த்தார்கள். வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. வரவில்லை என்றும் சொல்லவில்லை. கடைசிக் கயிற்றைத் துறையிலிருந்து எடுத்தவர் அதைக் கையில் சுருட்டிக்கொண்டே படகில் ஏறிவிட்டார். ஏறியதும் இடுப்புப் பட்டையின் கொக்கியை ஒரு இடத்திலும், கூடுதலாக இன்னொரு கயிற்றை இன்னொரு இடத்திலும் மாட்டிக்கொண்டு, காற்றாடிக் கம்பத்தின் அடியில் முதுகை ஒட்டி உட்கார்ந்தார். அவள் சுக்கானைப் பிடித்தாள்.

அலைதடுப்புச் சுவர் நெருங்கியது. அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. தாடை மட்டும் கல்லாக இருந்தது. சுவரின் முனையைத் தாண்டியதும் முதல் பெரிய அலை படகைத் தூக்கி மெல்ல இறக்கியது. அவர் பக்கத்தில் வைத்திருந்த வாளியை இழுத்து அதில் வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, கையெட்டும் தூரத்தில் இருந்த மீட்டரை எட்டிப் பார்த்தார்.

"எட்டு ஆம்ப்" என்றார்.

"திரும்பிடலாமா?"

கேட்கக் கூடாது என்று இரவெல்லாம் நினைத்திருந்தாள். கேட்டுவிட்டாள். அவர் மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஒன்பது" என்றார் பிறகு.

அன்று முழுக்க அதுதான் அவர் பேச்சு. பத்து நிமிஷத்துக்கு ஒரு எண். நடுவில் மூன்று முறை வாளி. அவள் தந்த பிஸ்கட்டில் பாதியைத் தின்று பாதியைத் திருப்பிக் கொடுத்தார். தலைக்குமேல் காற்றாடி விர்ரென்று சுற்றியது. ரப்பர் வைத்துப் போல்ட் போட்ட பிறகு முனகல் பாதியாகக் குறைந்திருந்தது. பாய் இழுத்த இழுப்பில் படகு கிடுகிடுவென்று ஓடியது. அவளுக்குப் பாட வேண்டும் போலவும் இருந்தது, அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் படகைத் திருப்பிவிட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் ஒரே நாளில் சேர்ந்து வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

வெயில் சாயும்போது முதல் துறைமுகத்துக்குள் நுழைந்து, அமைதியான ஒரு வளைவில் நங்கூரம் போட்டார்கள். சங்கிலி ஓடி நின்றதும் லிஃப்ட்காரர் தன் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். எழுந்து நின்று பார்த்தார், கால் தாங்கியது. கீழே போய் முகம் கழுவிக்கொண்டு, மிஞ்சியிருந்த இரண்டு முட்டையையும் தானே பொரித்து இரண்டு தட்டில் கொண்டுவந்தார்.

அவள் அதற்குள் அடுத்த துறைமுகத்தின் வரைபடத்தை மடியில் விரித்து, விரலால் தூரம் அளந்துகொண்டிருந்தாள். அவர் நிற்பது தெரிந்ததும் சட்டென்று மடித்தாள்.

"இங்க வந்து அரைமணி ஆகல" என்றார் அவர்.

"சும்மா பாத்தேன்."

"எவ்வளவு தூரம்?"

"இன்னிக்கு வந்ததைவிடக் கொஞ்சம் கூட."

அவர் தட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். முட்டையின் ஓரத்தைப் பிய்த்து மெதுவாக மென்றார்.

"நாளைக்கு வரேன்" என்றார். "நாளன்னிக்கு வருவேனான்னு இப்போ கேக்காத."

"கேக்கல" என்றாள் அவள். கேட்காமலிருக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். முட்டையை ஒரே வாயில் போட்டுக்கொண்டு, வாயை அடைத்துக்கொண்டாள்.